படிக்கப் பணம், ஆராயப் பணம்



பெண் பிள்ளை படிப்பதற்கு அரசு பணம் தருவதை மேடையேறி எதிர்ப்பவர் இன்றைய தமிழ்நாட்டில் யாருமில்லை. சத்துணவு, சீருடை, பஸ் பாஸ், மிதிவண்டி என்று ஒவ்வொன்றாக வந்து, 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகிற மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற அளவுக்கு வந்திருக்கிறோம். ஆனால் அதே பெண் கல்வி எந்தப் படியில் தடுக்கி விழுகிறது, ஏன் அந்தப் படியில், யாருக்கு மட்டும் என்று மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ உட்கார்ந்து ஆராய ஒருவருக்கு மாதாமாதம் பணம் தர வேண்டும் என்றால் முகம் சுளிக்கிறோம். ‘அதுதான் எல்லாருக்கும் தெரியுமே, ஆராய என்ன இருக்கிறது?’ என்கிறார்கள் சிலர். ‘அந்தப் பணத்தில் இன்னும் நாலு பெண்களைப் படிக்க வைக்கலாமே’ என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் இல்லை. என் தரப்பு இது: படிக்கக் கொடுக்கும் பணம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஆராயக் கொடுக்கும் பணம் வேண்டும், அந்தப் பணம் யாருக்கு, எந்த நிபந்தனையில் போகிறது என்பதில்தான் இன்று நாம் கோட்டைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

‘எல்லாருக்கும் தெரியும்’ என்ற சொல்லின் வரலாற்றை முதலில் பார்த்துவிடலாம். 1873இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் ஒரு சிறு நூல் எழுதினார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். ஆகையால் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. பருவ வயதுப் பெண் மூளையை அதிகம் வேலை வாங்கினால் இனப்பெருக்க உறுப்புகளுக்குப் போக வேண்டிய சக்தி குறைந்துபோகும், ஆண் பிள்ளைகளைப் போலவே அவளையும் படிக்க வைத்தால் நோயாளியாவாள், பிள்ளை பெறும் திறனையும் இழப்பாள் என்பது அவர் கட்சி. ஆதாரம் என்று அவர் வைத்தது தன்னிடம் வந்த ஒரு சில நோயாளிகளின் கதைகளை. நூல் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. தங்கள் வீட்டுப் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கியவர்களுக்கு அந்தத் தயக்கத்தையே மருத்துவமாக்கிக் கொடுத்த நூல் அது. விற்காமல் என்ன செய்யும்?

கோபத்தோடு மறுப்பு எழுதியவர்கள் பலர். நியூயார்க் மருத்துவர் மேரி பட்னம் ஜேகோபி வேறு வழியில் போனார். 1,000 பெண்களுக்கு வினாத்தாள் அனுப்பினார். 268 பேர் பதில் எழுதினார்கள். அதோடு சிலருடைய நாடித்துடிப்பை மாதம் முழுவதும் கருவி வைத்துப் பதிவுசெய்தார். மாதவிடாய் நாட்களில் உடல்நலமுள்ள பெண் வேலையையும் படிப்பையும் நிறுத்த வேண்டும் என்பதற்கு உடலியல் ஆதாரம் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. எழுதியவர் பெயரை மறைத்து அனுப்ப வேண்டும் என்பது அந்தப் பரிசின் விதி. பரிசு கொடுத்த ஹார்வர்டின் மருத்துவப் பள்ளி பெண்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டது 1945இல்தான். ஜேகோபியை அடுத்து, கல்லூரிப் பட்டம் பெற்ற பெண்கள் 1881இல் தொடங்கிய சங்கம் ஒன்று 705 பட்டதாரிப் பெண்களின் உடல்நலத் தகவல்களைத் திரட்டி, 1885இல் மாசசூசெட்ஸ் மாநிலத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் வழியாக வெளியிட்டது. படிப்பு அவர்கள் உடலைக் கெடுத்திருப்பதாக அதில் எதுவும் தெரியவில்லை. 268 இன்றைய அளவுகோலில் சின்ன எண்தான். உடல்நலத்தோடு இருந்தவர்களே அதிகமாகப் பதில் எழுதியிருக்கலாம் என்று ஒருவர் சந்தேகப்பட்டால் அதுவும் நியாயம். ஆனால் அந்தச் சந்தேகத்தை எழுப்பவே எதிரே ஒரு கணக்கு இருக்க வேண்டியிருக்கிறது. கிளார்க்கின் கதைகளில் சந்தேகப்படக்கூட எண் இல்லை. அந்தச் சங்கம் பிறகு பெண்களின் ஆய்வுக்கு நல்கை, அதாவது ஆய்வுக்கால உதவித்தொகை, வழங்க நிதி திரட்டும் வேலையில் இறங்கியது தற்செயலாக இருக்க முடியாது. வாதத்தை வெல்ல ஒரு வினாத்தாள் போதவில்லை, அதைத் தயாரித்து அனுப்பித் தொகுக்க ஒருவருக்குச் சோறும் நேரமும் வேண்டும் என்பதை அவர்கள் கையாலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்.

சில பத்தாண்டு கழித்து வந்த இன்னொரு நல்கை நம் ஊரைத் தொட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் இருந்த லெவி பார்பர் ஆசியப் பயணத்தில் அங்கே படித்துத் திரும்பிய பெண்களைச் சந்தித்த பிறகு, 1917இல் ஆசியப் பெண்களுக்கென்றே ஒரு நல்கையை நிறுவினார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்த தலச்சேரிக்காரர் ஜானகி அம்மாள் அந்த நல்கையில்தான் மிச்சிகன் போனார். 1931இல் அங்கே முனைவரானார். பின்னர் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை செய்தார். இங்கிலாந்தில் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். கடைசிக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் மதுரவாயலில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். நன்கொடையாளர் அவரிடம் ‘இதைத்தான் ஆராய வேண்டும்’ என்று சொல்லவில்லை. கரும்பைப் பற்றி யோசித்துப் பார்பர் பணம் வைக்கவுமில்லை. நல்ல நல்கையின் இலக்கணத்தில் பாதி இதில் இருக்கிறது. மீதிப் பாதி இதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நல்கை ஒரு பெண்ணை மேலே ஏற்றிவிடும்; மற்றவர்கள் ஏன் ஏறவில்லை என்று அது கேட்காது. பெண்ணுக்குக் கொடுக்கும் நல்கை ஒன்று, பெண் கல்வியை ஆராயக் கொடுக்கும் நல்கை இன்னொன்று.

இந்தியாவில் இரண்டாவது வகை பெரிய அளவில் வேலை செய்தது 1970களில். இந்தியப் பெண்களின் நிலையை ஆராய 1971இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. வீணா மஜும்தார் அதன் உறுப்பினர் செயலர். குழுவுக்குத் தேவையான தகவல் பெரும்பாலும் எங்கும் தொகுக்கப்படவில்லை. அப்போது இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், ஜே.பி. நாயக் அதன் உறுப்பினர் செயலராக இருந்த காலத்தில், பணம் கொடுத்து ஆய்வுகளைச் செய்யச் சொன்னது. 1974இல் வந்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கை அந்த ஆய்வுகளின் மேல் எழுந்தது. 1901இல் 1,000 ஆண்களுக்கு 972 பெண்கள் என்றிருந்த விகிதம் 1971இல் 930 ஆகக் குறைந்திருந்ததை அது நாட்டின் முன் எடுத்து வைத்தது. எண்கள் மக்கள்தொகைக் கணக்கில் ஏற்கெனவே இருந்தவைதான். அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, விடுதலைக்குப் பிறகு எல்லாம் சீராகி வருகிறது என்ற நம்பிக்கையோடு மோதவிடத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து கழகம் பெண்ணியல் ஆய்வுக்கென்று தனி நிதித் திட்டமே தொடங்கியது; 1986 தேசியக் கல்விக் கொள்கையில் ‘பெண்களின் சமத்துவத்துக்கான கல்வி’ என்று ஒரு தனிப் பகுதி இடம்பெற்றது. ஒரு நிதி நிறுவனத்தின் கோப்பில் தொடங்கிய காரியம் ஒரு நாட்டின் கொள்கையில் பத்தியாக வர ஏறத்தாழ பதினைந்து ஆண்டு பிடித்திருக்கிறது. ஓராண்டுத் திட்டங்களுக்குள் சிந்திக்கப் பழகியவர்களுக்கு இது சோர்வாகத்தான் இருக்கும்.

அண்மைக்கால ஆய்வுகளில் மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் ‘எல்லாருக்கும் தெரியும்’ என்பதை மூன்று விதமாகச் சோதித்தவை. பிகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டிக்குப் பணம் தரத் தொடங்கினார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு, மாணவிகளின் சேர்க்கை 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் என்பது அதைவிட முக்கியமான முடிவு. இங்கே பொது நம்பிக்கை சரியாக இருந்தது. எங்கே சரி என்பதுதான் புதிதாகத் தெரிந்தது. ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளில் ஆண் பெண் சமத்துவம் பற்றி வகுப்பறையிலேயே உரையாடல் நடத்திய திட்டத்தை தர், ஜெயின், ஜெயச்சந்திரன் மூவரும் ஆராய்ந்தார்கள். வளர்ந்த பிள்ளைகளின் மனத்தை மாற்ற முடியாது என்ற நம்பிக்கைக்கு மாறாக, மாணவர்களின் கருத்துகள் ஓரளவு மாறின, இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. மூன்றாவது ஆய்வு நேபாளத்தில் சித்வனில் நடந்தது. மாதவிடாயால் மாணவிகள் நிறைய நாட்கள் பள்ளிக்கு வருவதில்லை என்பது உலகெங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவந்த செய்தி. எமிலி ஆஸ்டரும் ரெபெக்கா தார்ன்டனும் வருகைப் பதிவேட்டையும் மாணவிகளின் நாட்குறிப்பையும் வைத்துக் கணக்கிட்டபோது, 180 பள்ளி நாட்களில் மாதவிடாயால் தவறியது அரை நாளுக்கும் குறைவு. நாப்கின் கொடுப்பது வீண் என்று இதற்குப் பொருளில்லை; மானத்தோடும் வசதியோடும் இருக்க ஒரு பெண்ணுக்கு நாப்கின் வேண்டும், அதற்கு வருகைப் பதிவேட்டின் சாட்சி தேவையில்லை. ஆனால் அந்த ஊரில் வருகையைக் கூட்ட வேண்டும் என்று ஒருவர் பணத்தோடு வந்தால், வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று அந்த ஆய்வு சொல்கிறது. இதைத் தெரிந்துகொள்ளப் பதிவேட்டின் பக்கங்களோடு ஒருவர் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது.

இந்த மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், செய்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்காக அவர்களைக் குறை சொல்வது அற்பம். அவர்களுக்குச் சம்பளத்தோடு நேரம் இருந்தது, நம்மவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனால் வெளியிலிருந்து வருகிற ஆய்வு ஒரு திட்டம் வேலை செய்கிறதா என்று அளந்துவிட்டுப் போகும்; வீட்டுக்குள் இருக்கும் கேள்விகள் மிஞ்சும். புதுமைப் பெண் பணம் மாணவியின் வங்கிக் கணக்கில் நேராக விழுகிறது, சரி, ஏ.டி.எம். அட்டை வீட்டில் யார் கையில் இருக்கிறது? அந்தப் பணம் வருவதால் மூன்றாம் ஆண்டில் வரும் வரன் தள்ளிப்போகிறதா, இல்லை வரதட்சணைச் சேமிப்பில் போய்ச் சேருகிறதா? இதே திட்டம் முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்தது. படித்திருந்தால்தான் உதவி என்ற நிபந்தனை அன்று பெண்ணைப் பள்ளியில் நிறுத்தியதா, அல்லது கல்யாணத்துக்கு ஒரு தேதி குறித்துக் கொடுத்ததா? இவற்றைக் கேட்க அந்த வீட்டின் பேச்சு மொழி தெரிய வேண்டும். முதல் முறை சொன்ன பதில் விருந்தாளிக்குச் சொன்னது என்பதை அறிந்து மூன்றாம் முறையும் போக வேண்டும். தர்மபுரியிலோ ராமநாதபுரத்திலோ முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற ஒரு பெண்ணுக்கு இந்தக் கேள்வி தானாக வரும். கேட்டுத் தேட ஐந்து ஆண்டு கிடைக்குமா என்பதே விஷயம்.

கிடைக்கிறதா என்று நடைமுறையில் இருக்கும் நல்கைகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு நல்கை) பெற்றவருக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது மரியாதையான தொகை. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு 8,000. பத்தாண்டுக்கும் மேலாக அந்த எண் அசையவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேருகிற பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. கௌரவ விரிவுரையாளராகவோ தனியார் கல்லூரியிலோ வேலை பார்த்துக்கொண்டு, பகுதிநேரமாகப் பதிந்து, சனி ஞாயிறில் ஆய்வேடு எழுதுகிறார்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் நல்கையை 2022–23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. மற்ற திட்டங்கள் தருவதையே இதுவும் தருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். வருகிற பணமும் நேரத்துக்கு வருவதில்லை. மாதம் முடிந்ததும் நெறியாளர் கையெழுத்து வாங்கி, துறைத் தலைவர் வழியாகத் தாள் அலுவலகத்துக்குப் போய், வங்கியின் இணையதளத்தில் ஒருவர் ‘மேக்கர்’ ஆகப் பதிவேற்ற, இன்னொருவர் ‘செக்கர்’ ஆக ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனால், அந்த மாதப் பணம் அடுத்த மாதத்துக்கு. வீட்டிலிருந்து பணம் வரும் ஆய்வாளருக்கு இது எரிச்சல். ‘படித்தது போதும், கிளம்பி வா’ என்று சொல்ல ஒரு காரணத்துக்காகக் காத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு இதுவே அந்தக் காரணமாகிவிடும்.

பெண்களுக்கென்றே உள்ள விதிகளில் இரண்டைச் சொல்லாமல் போக முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு சாவித்திரிபாய் பூலே பெயரில் ‘ஒற்றைப் பெண் குழந்தை’க்கு முனைவர் பட்ட நல்கை தருகிறது. பெற்றோருக்கு அந்தப் பெண் மட்டுமே பிள்ளையாக இருக்க வேண்டும். இரட்டைப் பெண்களானால் பரவாயில்லை. அண்ணனோ தம்பியோ இருந்தால் தகுதி கிடையாது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் பெண் குழந்தையைப் பாராட்டுவதற்கும் இது பொருந்தும். கல்வியில் சமத்துவத்துக்கு இது தலைகீழ். வீட்டில் ஓர் ஆண் பிள்ளையோடு பணத்துக்கும் நேரத்துக்கும் போட்டி போட்டுத் தோற்கிறவள் யாரோ, அவளைத்தான் இந்த விதி வாசலிலேயே நிறுத்துகிறது. இந்தியப் பெண் கல்வியின் முதல் ஆசிரியைகளில் ஒருவரின் பெயரை அதன் மேல் வைத்திருப்பது கூடுதல் வேடிக்கை. இரண்டாவது விதி நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது. முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் பெண் ஆய்வாளருக்கு இரண்டு ஆண்டு கூடுதல் காலமும், 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் தருகின்றன. திருமணத்தால் ஊர் மாறினால் ஆய்வுத் தரவைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம் என்கின்றன. ஆனால் அந்த ஆய்வு பழைய நிறுவனத்துக்கோ நெறியாளருக்கோ நிதி தரும் அமைப்பு கொடுத்த திட்டத்தின் பகுதியாக இருக்கக் கூடாது. அதாவது நிதி உள்ள ஆய்வு நின்ற இடத்திலேயே நிற்கும், நிதி இல்லாத ஆய்வு பெண்ணோடு பயணம் போகலாம். ஊர் மாறுவது பெண்தான் என்று ஒப்புக்கொண்ட விதி, பணம் அவளோடு போக வேண்டும் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி மறுப்புகள். கூர்மையானது கணக்குச் சார்ந்தது. அதை முழு பலத்தோடு வைக்கிறேன். ஜே.ஆர்.எஃப். அளவில் ஒரு நல்கை இரண்டு ஆண்டுக்கு 8,88,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டுக்கு 15,12,000. வீட்டு வாடகைப்படி சேராமல் மொத்தம் 24 லட்சம். புதுமைப் பெண்ணில் ஒரு மாணவிக்கு ஆண்டுக்கு 12,000. ஆக, ஓர் ஆய்வாளரின் ஐந்து ஆண்டு என்பது 200 மாணவிகளின் ஓராண்டு. அந்த 200 பேரின் முகத்தைப் பார்த்து, ஒருவர் ஆய்வேடு எழுத வேண்டும், காத்திருங்கள் என்று சொல்வீர்களா என்று கேட்டால் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்தவும் கூடாது. ஒரு லட்சம் மாணவிகளுக்கு இந்தத் திட்டத்தில் ஓராண்டுக்கு 120 கோடி ஆகும். அதில் 24 லட்சம் ஐந்நூறில் ஒரு பங்கு. பணம் யாருக்குச் சேரவில்லை, எந்தப் பாடப்பிரிவில் பெண்கள் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகிறார்கள், விடுதி இல்லாத ஊரில் 1,000 ரூபாய் என்ன செய்கிறது என்று ஒரு நல்ல ஆய்வு காட்டி, திட்டத்தின் பலன் ஐந்நூறில் ஒரு பங்கு மேம்பட்டால், ஒரே ஆண்டில் செலவு ஈடாகிவிடும். அதைக்கூடச் சாதிக்காத ஆய்வேடுகள் நிறைய உண்டு, ஒப்புக்கொள்கிறேன். எல்லா ஆய்வும் பயன் தரும் என்பவர் நல்கைக் குழுவில் உட்கார்ந்ததில்லை. தேர்வைக் கடுமையாக்குவதற்கு அது நியாயம். நல்கையையே விடுவதற்கு நியாயமாகாது.

‘இனி இடைவெளியே இல்லையே’ என்பது அடுத்த மறுப்பு. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் பெண்களின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.5, ஆண்களுடையது 28.3. முனைவர் பட்டத்தில் சேர்ந்திருந்த 2.13 லட்சம் பேரில் 0.99 லட்சம் பெண்கள், 2014–15இல் 0.48 லட்சம்தான். மகிழ வேண்டிய எண்கள். இவற்றோடு இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள்: அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கணக்கில், 2018இல் நாட்டின் ஆராய்ச்சிப் பணியாளர்களில் பெண்கள் 16.6 சதவீதம். இரண்டும் ஒரே ஆண்டுக் கணக்கல்ல, ஒரே மாதிரி எண்ணப்பட்டவையும் அல்ல. ஆனாலும் பாதிக்குப் பக்கத்தில் நுழைந்தவர்கள் ஆறில் ஒருவராகத்தான் வேலையில் தென்படுகிறார்கள் என்றால், வழியில் ஏதோ நடக்கிறது. சேர்க்கை சமமானதால் கேள்வி மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு பள்ளி வாசலில் நின்றது, இப்போது ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கும் நியமன ஆணைக்கும் நடுவில் நிற்கிறது. பள்ளி வாசலைப் பார்க்க நம்மிடம் பதிவேடு இருக்கிறது. இந்த நடுவழியில் பதிவேடே கிடையாது.

பணம் கொடுத்தவன் விருப்பப்படிதானே ஆய்வு முடிவு வரும் என்ற சந்தேகமும் உண்டு. ஒரு நிறுவனம் தன் திட்டத்தைத் தானே பணம் கொடுத்து ஆராயச் சொன்னால் அந்தச் சந்தேகம் தேவையே. நேபாள ஆய்வை இங்கே மீண்டும் நினைக்கலாம். உலகமே எதிர்பார்த்த முடிவு வரவில்லை, வராததையே வெளியிட்டார்கள். கிளார்க்கின் சாய்வுக்கு எந்த நிதியும் தேவைப்படவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆய்வு தொடங்குமுன்பே கேள்வியையும் முறையையும் எழுதிப் பதிந்து வைப்பது, முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமையை நல்கை ஒப்பந்தத்திலேயே ஆய்வாளருக்குக் கொடுப்பது, இந்த இரண்டும் இருந்தால் பெரும்பாலான சந்தேகம் தீரும். ஆண்களுக்கு இந்த நல்கை ஏன் கூடாது என்பவர்களுக்கு, கூடும் என்பதே என் பதில். ஆண் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் வேலைக்குப் போய்விடுவதும் கல்விச் சமத்துவத்தின் கேள்விதான். பொருள் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். காலமும் நிபந்தனையும் மட்டும், பிள்ளை பெறுகிறவர், ஊர் மாறுகிறவர், முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர் யாரோ அவருக்கு ஏற்ப இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வகை நல்கையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் பல்கலைக்கழகங்கள் இதை ஏறக்குறைய மறந்தே போயின. வாஷிங்டனில் புரூக்கிங்ஸ் நிறுவனம் நடத்தும் எக்கிட்னா நல்கை, வளரும் நாடுகளில் பெண் கல்விக்காக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களைச் சில மாதம் வேலையிலிருந்து விடுவித்து, தங்களுக்குத் தெரிந்ததை ஆராய்ந்து எழுத வைக்கிறது. லக்னோவில் ஏழைப் பெண்களுக்காகப் பிரேர்ணா பள்ளியை நடத்தும் ஊர்வசி சாஹ்னி அப்படிப் போனவர்களில் ஒருவர். பின்னர் அந்தப் பள்ளியைப் பற்றி நூலே எழுதினார். வாஷிங்டன் போக வேண்டிய அவசியம் நமக்கில்லை. கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியின் காப்பாளருக்கு, இடைநின்ற பெண் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர வீடு வீடாகப் போகும் ஆசிரியைக்கு, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன் தெருத் திண்ணையில் பாடம் சொன்ன தன்னார்வலருக்குத் தெரிந்தது ஆய்வேடுகளில் இல்லை. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி திடீரென்று அரைக்கை யூனிஃபார்மை முழுக்கையாக்கிக் கேட்டால் அதன் பின்னால் வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்த ஆசிரியைக்குப் புரியும். ஆனால் அதை எழுதி, மற்ற ஊர்களோடு ஒப்பிட்டு, துறைச் செயலரின் மேசைக்குப் போகிற வடிவத்தில் வைக்க அவருக்கு நேரமில்லை. பாடவேளை, பதிவேற்றம், பயிற்சி என்று நாள் போய்விடுகிறது.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் குழுவிடம் என் விண்ணப்பம் அதையொட்டியது. நம் ஊரில் அறக்கட்டளை என்றால் வைப்புத்தொகையின் வட்டியில் ஒரு தங்கப் பதக்கம், ஒரு சொற்பொழிவு என்று வழக்கமாகிவிட்டது. இந்த ஒரு மணி நேரமும் அந்த வட்டியில்தான் ஓடுகிறது, ஆகவே நான் அதிகம் குறை சொல்லக் கூடாது. ஓர் ஆசிரியையை ஆறு மாதம் பணி விடுப்பில் ஆய்வுக்கு அனுப்பினால், அவர் சம்பளத்தை அரசு தொடர்ந்து தரும்படி கேட்கலாம். அவர் இடத்தில் வருகிற தற்காலிக ஆசிரியருக்கு மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டால் 90,000 ரூபாய், பயணத்துக்கும் அச்சுக்கும் 30,000. 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ஒருவரை அனுப்ப 17 லட்சத்துச் சொச்சம் வைப்புத்தொகை போதும். பணம் மாதத்தின் முதல் வாரத்தில் நேராக அவர் கணக்குக்குப் போக வேண்டும். மாற்றலாகி வேறு மாவட்டம் போனால் நல்கையும் கூடவே போக வேண்டும். திருமணமானவரா, பெற்றோருக்கு எத்தனை பிள்ளை என்று விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது. நெறியாளராக ஒரு கல்லூரிப் பேராசிரியர் இருக்கட்டும், ஆனால் கேள்வியை ஆசிரியையே எழுதட்டும். அறிக்கை தமிழில் முப்பது பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒரு படி அவர் ஆய்வு செய்த பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கும், ஒரு படி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போகட்டும். இதன் வரைவு விதிகள் இரண்டு பக்கத்தில் தட்டச்சாகி இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் குழுவினரிடம் கொடுத்துவிடுகிறேன். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் விண்ணப்பம் கேட்க வேண்டுமானால் பிப்ரவரிக்குள் அறிவிப்பு வெளியாக வேண்டும்.